எல்லைப்புற மாணவரின் உறக்கமும் பள்ளி மணியும்

கேரள அரசு 2025-26ஆம் கல்வியாண்டில் உயர்நிலைப் பள்ளிகளின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 30 நிமிடம் நீட்டித்தது. 8 முதல் 10ஆம் வகுப்பு வரை, வெள்ளிக்கிழமை தவிர்த்த ஏனைய நாட்களில் பள்ளி காலை 9.45 மணிக்குத் தொடங்கி மாலை 4.15 மணிக்கு முடியும் என்று விதிக்கப்பட்டது. காலையில் நடைபெறும் மதரசா வகுப்புகளை இது பாதிக்கும் என்று சமஸ்தா அமைப்பு ஆட்சேபம் தெரிவித்தது. இதற்கு முன்னரே எம். ஏ. காதர் தலைமையிலான குழு, காலை 8 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை பள்ளிகளை நடத்தலாம் என்று பரிந்துரைத்திருந்தது. விவாதம் பெரும்பாலும் கற்பிக்கும் மணிகளையும் சமயக் கல்வியையும் பற்றியதாக அமைந்தது. மாணவர் எத்தனை மணி நேரம் உறங்குகின்றனர் என்னும் வினா பின்தங்கிவிட்டது.

வளரிளம் பருவத்தில் உறக்கம் தாமதமாவது சோம்பலின் அடையாளம் அன்று. இருள் சூழ்ந்தபின் மூளையில் சுரந்து உடலை உறக்கத்திற்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்னும் இயக்குநீர், பருவமடையும் காலத்தில் முன்னைவிட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பிந்திச் சுரக்கத் தொடங்குகிறது. பகல் முழுவதும் விழித்திருப்பதால் சேரும் உறக்க உந்துதலும் இவ்வயதில் மெதுவாகவே வளர்கிறது. ஆகவே பத்து வயதில் 8 மணிக்கே கண்ணயர்ந்த சிறுவன், பதினைந்து வயதில் 10 மணியைத் தாண்டியும் விழித்திருப்பான். கைப்பேசியின் ஒளி இத்தாமதத்தை மேலும் நீட்டுகிறது. ஆனால் உறக்கத்தின் தேவை குறைவதில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது.

இக்காரணம் பற்றியே சியாட்டில் நகரப் பள்ளிகள் 2016இல் தம் தொடக்க நேரத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றின. மாணவரின் உறக்கம் நாளொன்றுக்கு 34 நிமிடம் கூடியதாக ஆய்வு காட்டியது. வசதி குறைந்த மாணவர் மிகுதியாகப் பயின்ற பள்ளியில் வருகையும் மேம்பட்டது. கலிபோர்னியாவில் மேல்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கலாகாது என்னும் சட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மகாராஷ்டிரம் 2024இல் 4ஆம் வகுப்பு வரையிலான பள்ளிகளுக்கு 9 மணியை எல்லையாக வகுத்தது. வளரிளம் பருவத்தினரை அந்த ஆணை தொடவில்லை என்பது ஒரு விந்தை.

இவற்றோடு ஒப்பிட்டால் 9.45 மணி தாராளமானது. கேரளத்தில் இச்சிக்கலே இல்லை என்றுகூடத் தோன்றும். எனினும் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லைப்புறங்களில் மாணவரின் நாள் பள்ளி மணியோடு தொடங்குவதில்லை.

மலைச்சரிவின் காலை

மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக லயங்களில் வாழ்ந்து வருகின்றனர். தொடக்கப் பள்ளிகள் தோட்டங்களை அண்டியே உள்ளன. உயர் வகுப்புகளுக்குப் பெரும்பாலோர் மூணாறு போன்ற ஊர்களுக்கு வரவேண்டும். தாய்மொழி வழியில் பயில விரும்பினால் தேர்ந்தெடுக்கத்தக்க பள்ளிகள் மேலும் குறைகின்றன. அதனால் தொலைவு கூடுகிறது. பெண்களை மாலை 7 மணிக்குப் பின்னும் காலை 6 மணிக்கு முன்னும் வேலை வாங்கலாகாது என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. அந்த நல்ல விதி தாயின் வேலை நேரத்திற்கு வரம்பு கட்டியது. வீட்டின் விடியலுக்கு வரம்பு கட்டவில்லை. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் புறப்படுமுன் சமையல் முடியவேண்டும், தண்ணீர் பிடிக்கவேண்டும், இளைய பிள்ளைகளை ஆயத்தம் செய்யவேண்டும். இவ்வேலைகளில் பாதி மூத்த மகளின் பங்காகிறது.

உடும்பன்சோலை வட்டாரத்து ஏலத் தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்திலிருந்து பெண்கள் நாள்தோறும் ஜீப்புகளில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையேறுகின்றனர். விடியுமுன்னரே புறப்படும் இப்பயணம் மாநில எல்லைக்கு அப்பாலுள்ள வீடுகளிலும் பிள்ளைகளின் உறக்கத்தைக் கலைத்துவிடுகிறது. சித்தூர் வட்டத்தின் எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற ஊர்களில் தேயிலை இல்லை. ஆனால் மாடுகள் உண்டு. பால் கறந்து கூட்டுறவுச் சங்கத்திற்கு உரிய நேரத்தில் கொண்டு சேர்ப்பதும் அதிகாலைப் பணியே.

ஒரு மாணவி இரவு 10.30க்கு உறங்கிக் காலை 5 மணிக்கு எழுவதாகக் கொள்வோம். அவளுக்குக் கிடைப்பது ஆறரை மணி நேரம். குறைந்த அளவான 8 மணியிலிருந்து நாளுக்கு ஒன்றரை மணி குறைகிறது. ஐந்து பள்ளி நாட்களில் இக்குறை ஏழரை மணியாகிறது; அதாவது வாரத்தில் ஓர் இரவு முழுவதும் அவள் உறங்கவில்லை என்பதற்கு ஒப்பாகும். ஞாயிற்றுக்கிழமை நெடுநேரம் உறங்கி இதை ஈடு செய்ய முயன்றால் உயிர்க்கடிகாரம் இன்னும் பின்னே தள்ளப்பட்டுத் திங்கட்கிழமை காலை கூடுதலாகக் கடினமாகிறது.

கதிரவனும் கடிகாரமும்

இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. மூணாறு ஏறத்தாழ 77 பாகையில் உள்ளது. ஆகவே அங்கே கதிரவன் கடிகாரத்தைவிட ஏறக்குறைய 22 நிமிடம் பிந்தியே நடக்கிறது. ஜனவரி மாதத்தில் கதிரவன் தோன்ற 6.45 மணியளவாகும், 5 மணிக்கு எழும் பிள்ளை கடுங்குளிரில் இருளிலேயே எழுகிறது. உடலின் கடிகாரத்தை முன்னே திருப்பவல்ல காலை ஒளி அதற்குப் பயன்படுவதில்லை. 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை ஆராய்ந்த பொருளியலறிஞர் மௌலிக் ஜக்னானி, கதிரவன் மறைவது ஒரு மணி நேரம் பிந்தினால் பிள்ளைகளின் உறக்கம் ஏறத்தாழ அரைமணி குறைகிறது என்று கண்டார். இரவில் தாமதமாக உறங்கும் பிள்ளையைப் பள்ளி நேரம் காலையில் தாமதமாக எழ விடுவதில்லை என்பதே அதன் காரணம்.

இந்நிலையில் பள்ளி மணியைக் கால் மணி முன்னே நகர்த்துவதன் விளைவு எங்கும் ஒன்றாக இராது. பள்ளிக்கு அருகில் வாழும் மாணவனுக்கு அது கால் மணிதான். காலையில் ஒரே பேருந்தை நம்பியிருக்கும் மாணவனோ, அது நேரத்திற்குள் சேராவிட்டால் அதற்கு முந்தைய வண்டியைத் தேட நேரும். இழப்பு ஒரு மணி நேரமாகவும் கூடும். பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்திற்குத் தமிழ்நாட்டின் சேத்துமடை வழியாகவே சாலைப் போக்குவரத்து நெடுங்காலமாக அமைந்துள்ளதை நினைத்தால், நேர அட்டவணையை ஒரு மாநிலம் தனித்து வகுப்பதன் இடர் விளங்கும். காலை 8 மணித் தொடக்கம் இப்பகுதிகளுக்கு ஏற்றதன்று என்பதில் ஐயமில்லை.

வேண்டுவது, மாணவர் எழும் நேரத்தையும் வீட்டைவிட்டுப் புறப்படும் நேரத்தையும் பள்ளிதோறும் குறித்துக்கொண்டு, அதன்பின் பேருந்து நேரத்தை அமைப்பது. தோட்டப் பிள்ளைக் காப்பகம் காலையில் சற்று முன்னதாகத் திறந்தால் மூத்த மகளுக்கு அரைமணி மிஞ்சும். பழங்குடி மாணவர் விடுதிகளில் வழி இன்னும் எளிது. இடமலக்குடி போன்ற தொலைவுக் குடிகளின் பிள்ளைகள் மேல் வகுப்புகளுக்கு விடுதிகளையே நம்பியுள்ளனர். அங்கே பேருந்து இடையூறு இல்லை, எழுப்பும் மணி நிர்வாகத்தின் கையில் உள்ளது. அதிகாலை 5 மணிப் படிப்பை நிறுத்தி 6.30க்கு எழுப்புவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.