பூசணத்தைக் கிள்ளிப் போட்டுட்டு சாப்பிடலாமா?

பிரெட்டோட ஓரத்துல பச்சையா பூசணம் பிடிச்சா, அதை மட்டும் கிள்ளிப் போட்டுட்டு மீதியைச் சாப்பிடலாமா? வேண்டாம்னுதான் நான் சொல்வேன். கண்ணுக்குத் தெரியிற பச்சை அதோட வித்துகள். இழைகள் உள்ளே பரவியிருக்கும்.

‘பெனிசிலினே பூஞ்சையிலிருந்துதானே வந்துச்சு?’ன்னு கேட்பீங்க. உண்மைதான். 1928-ல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் அதைக் கண்டுபிடிச்சார். ஆனா மருந்தைத் தனியாப் பிரிச்சு, சுத்தம் பண்ணித்தான் நோயாளிக்குக் கொடுக்கறாங்க.

நிலக்கடலையில வளர்ற ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் உண்டாக்குற அஃப்ளடாக்சின், கல்லீரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகலாம். வறுத்தாலும் முழுசாப் போகாது. அதோட நெருங்கின சொந்தமான ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேதான் சோயா சாஸ் தயாரிக்க உதவுது!

நல்லதா கெட்டதான்னு பார்த்தே சொல்ல முடியாது. அதனால பூசணம் பிடிச்ச பிரெட்டையும் கடலையையும் யோசிக்காம குப்பையில போடுங்க.