பால் பிரண்டன் நூலும் இரமணர் தமிழும்

இலண்டனிற் பிறந்த இதழாளராகிய பால் பிரண்டன், இந்திய யோகியரை நாடித் திரிந்த வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1934-இல் வெளியிட்டார். எளிதில் நம்பாத அயலார் ஒருவரின் நூல் அது. மெகர் பாபாவிடம் அவர் ஏமாற்றமே கண்டார். அடையாற்றங்கரை யோகி பிரமாவின் மூச்சடக்கும் ஆற்றலை வியந்தார். இவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா.

செங்கற்பட்டில் காஞ்சிச் சந்திரசேகரேந்திர சரசுவதி அடிகளைக் காணுமாறு அவர்க்குத் துணைநின்றவர் எழுத்தாளர் கா. சி. வேங்கடரமணி. அடிகளே திருவண்ணாமலையைச் சுட்டினார். ஆங்கு இரமணர்முன் அமர்ந்த அளவில், தாம் கொணர்ந்த வினாக்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன என்கிறார் பிரண்டன். ஐயமுடையார்க்குக் கருவி வினாவன்றோ? அதனை இழந்த இடமே நூலின் உயிர்ப்பகுதி என்பது எம் கருத்து.

ஆயினும், பிரண்டன் தமிழ் அறியார். உரையாடலில் மொழிபெயர்ப்பாளர் இடைநின்றமை நூலாலேயே புலனாம். அவ்வாறிருக்க, அதிலுள்ள மறுமொழிகளை மீண்டும் தமிழாக்கி இரமணர் வாய்மொழியென மேற்கோள் காட்டுதல் எங்ஙனம் பொருந்தும்? சிவப்பிரகாசம் பிள்ளை வினவப் பிறந்த ‘நான் யார்?’ 1923-இலேயே தமிழில் அச்சேறிற்று. ‘உள்ளது நாற்பது’ 1928-இல் இயற்றப்பெற்றது. இரண்டும் பிரண்டன் வருகைக்கு முற்பட்டவை. ஆய்வாளர் முதற்கண் நோக்க வேண்டியவை இவையே. சான்றாக, பின்னதில் ‘உள்ளம்’ என்னும் சொல் நெஞ்சினையும் என்றும் உள்ள பொருளையும் ஒருங்கே சுட்டி நிற்கின்றது. ஆங்கிலத்தில் அவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கா.