அப்பாவோட மாத்திரை பில் 3,200 ரூபாய்: அரசு உதவி எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது?

போன மாசம் ஊருக்குப் போனப்போ அப்பாவோட மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். தேதி 25. கிட்டத்தட்ட தீர்ந்திருக்க வேண்டிய அட்டைகளில் பாதி மாத்திரை அப்படியே இருந்தது. "சுகர் கன்ட்ரோல்லதான்டா இருக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கறேன்" என்றார். உண்மையான காரணத்தை அம்மாதான் அப்புறம் தனியா சொன்னாங்க. மாசம் 3,200 ரூபாய் பில். என்கிட்ட கேட்க அவருக்குக் கூச்சம்.

நான் மாசம் தவறாம எஸ்.ஐ.பி. கட்டுறேன். ஆனா என் பட்ஜெட்டில் அப்பாவோட மாத்திரைக்கு ஒரு வரிகூட இல்லை.

"அதான் 70 வயசுக்கு மேல 5 லட்சம் ரூபாய் கார்டு வந்தாச்சே" என்றுதான் நானும் முதலில் நினைச்சேன். 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா கார்டுக்கு வருமான வரம்பு கிடையாது. நம்ம அப்பா அம்மாவுக்கும் எடுக்கலாம், எடுத்து வைங்க. ஆனா அது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் வேலை செய்யும். டிஸ்சார்ஜ் ஆனபிறகு 15 நாள் மருந்து வரைக்கும் அதில் அடங்கும். தினமும் சாப்பிடுற பி.பி., சுகர் மாத்திரைக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது.

மாசாமாசம் வாங்குற மாத்திரைக்கு உதவுறது வேற இடம்: ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே பி.பி., சுகர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பதிவு பண்ணினவங்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறாங்க. "கவர்மென்ட் மாத்திரையா?" என்று அப்பா முகம் சுளிச்சார். நிறைய வீட்டில் இந்தப் பேச்சு வரும்னு நினைக்கிறேன். பக்கத்து வீட்டு மாமா ரெண்டு வருஷமா அதைத்தான் சாப்பிடுறார் என்று தெரிஞ்ச பிறகுதான் கிளம்பினார்.

அங்கே கிடைக்காத மருந்துக்கு மக்கள் மருந்தகம் இருக்கு; 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க 1,000 முதல்வர் மருந்தகங்களும் திறந்தாங்க. ரெண்டிலும் ஜெனரிக் மருந்து, விலை பாதிக்கும் கீழே. கடைக்குப் போகும்போது பிராண்ட் பெயரைச் சொல்லாதீங்க. அட்டையின் பின்னாடி இருக்கும் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் சொல்லுங்க: 'மெட்ஃபார்மின் 500' மாதிரி. இங்கே ஒரு ஆபத்து இருக்கு. பழைய பிராண்ட் அட்டையும் புது ஜெனரிக் அட்டையும் வீட்டில் ஒண்ணா கிடந்தா, ரெண்டும் வேறவேற மருந்துன்னு நினைச்சு ரெண்டையும் போட்டுக்குவாங்க. அதனால பழையதைத் தனியா எடுத்து வெச்சிடுங்க. மாத்துறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

இனி வரி. அப்பா அம்மாவுக்கு 60 வயசு தாண்டி, அவங்க பேரில் ஹெல்த் இன்சூரன்ஸ் எதுவும் இல்லைன்னா, அவங்க மருத்துவச் செலவில் வருஷம் 50,000 ரூபாய் வரைக்கும் நீங்க கழிச்சுக்கலாம். 80டி என்று நாம சொல்ற கழிவுதான். மாசம் 3,200 என்றால் வருஷத்துக்கு 38,400. 20 சதவீத வரியில் இருக்கிறவருக்கு சுமார் 8,000 ரூபாய் மிச்சம். ஆனா பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்தான். காசாகக் கொடுத்த பில் செல்லாது. யுபிஐ-யில் உங்க அக்கவுன்ட்டிலிருந்தே கட்டி, பில்லை போட்டோ எடுத்து வைங்க.

எங்க வீட்டில் இப்போ மூணு மாத்திரை இலவசமா வருது, ஒண்ணு ஜெனரிக். இதய மாத்திரை ஒண்ணை மட்டும் டாக்டர் மாத்த வேண்டாம்னு சொல்லிட்டார். அதைப் பழைய கடையிலேயே வாங்குறோம். மொத்தம் 900 ரூபாய். மருந்துக் கடைக்காரர் என் நம்பருக்கே நேரா பில் அனுப்பிடுறார், அப்பா கேட்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோ கால்ல டப்பாவைத் திறந்து காட்டச் சொல்றேன். திட்டிக்கிட்டே காட்டுறார்.