ஆள் வந்தது, வீடு இல்லை!

1954-ம் ஆண்டு. சோவியத் ருஷியாவில் ரொட்டிக்குத் தானியம் போதவில்லை. ஆனால், கசகஸ்தானிலும் சைபீரியாவிலும் ஏர் படாத புல்வெளிகள் பரந்து கிடந்தன. அங்கே கோதுமை விதைக்கத் திட்டமிட்டார், கம்யூனிஸ்டு கட்சித் தலைவர் குருசேவ்.

உழுவதற்கு ஆள் வேண்டுமே!

கட்சியின் வாலிபர் சங்கம் ஊர் ஊராக ஆள் திரட்டியது. அந்த ஆண்டில் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் ரெயில் ஏறினார்கள். ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. அரசாங்கப் பண்ணையில் வேலை, கையில் சம்பளம்.

ஆனால், போய் இறங்கிய இடத்தில் பலருக்கு வீடு இல்லை. கூடாரம்தான்! குளிரைத் தாங்க முடியாமல் ஊர் திரும்பியவர்கள் ஏராளம். மற்றவர்கள் டிராக்டரை ஓட்டினார்கள்.

1956-ல் அமோக விளைச்சல்! நாட்டின் தானியத்தில் பாதிக்கு மேல் புது நிலங்களில் விளைந்தது. ஆனால், சேமிக்கக் கிடங்கு போதாமல் ஒரு பகுதி வீணாயிற்று.

பிறகு காற்று வீசியது. புல் போர்த்தியிருந்த மண்ணை உழுது விட்டார்களே! மேல்மண் புழுதியாகப் பறந்தது. 1963-ல் விளைச்சல் பொய்த்தது. கனடாவிடம் கோதுமை வாங்க நேர்ந்தது. மறு ஆண்டு குருசேவ் பதவி இழந்தார்.

ஆள் சேர்க்க ஓர் அழைப்பு போதும். வந்தவர்கள் நிலைக்க வீடு வேண்டும். மண் நிலைக்கப் பொறுமை வேண்டும்!