கதவு செதுக்கும் மெசினுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளன்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுப் பக்கமாகப் போகிறவர்களுக்குத் தச்சுப் பட்டறைகளின் சத்தம் புதிதல்ல. அண்மைக் காலமாக அந்தச் சத்தத்தோடு இன்னொரு இரைச்சலும் சேர்ந்திருக்கிறது. உளியும் கொட்டாப்புளியும் இல்லாமல், கணினியின் சொற்கேட்டுக் கதவில் பூவேலை செதுக்கும் றவுட்டர் மெசினின் இரைச்சல் அது. சீ.என்.சீ. மெசின் என்றால் எமது பகுதி ஓடாவிமாருக்கு இப்போது விளங்கும்.

அப்படியொரு மெசினை வாங்கிய குடும்பம் ஒன்றைச் சந்தித்தோம். யுத்த காலத்தில் மேற்கேயிருந்த வயற்காணியை விட்டுக் கரையோரத்துக்கு வந்தவர்கள். வேளாண்மை செய்த தகப்பன் சொந்தக்காரர் ஒருவரின் பட்டறையில் சீவுளி பிடிக்கப் பழகினார். பின்னர் நகையை ஈடு வைத்தும் கடன் எடுத்தும் மூத்த மகனின் பெயரில் இந்த மெசின் வந்தது. முதல் வேலை ஒரு முதிரைக் கதவு. கொடியும் இலையுமாகக் கணினித் திரையில் அழகாகத் தெரிந்த கோலம், பலகையில் ஏறியபோது வேறாயிற்று. நேர்கோடுகள் சரியாக வந்தன. முதல் வளைவு வந்ததும் வெட்டும் அலகு பலகையின் குறுக்கே பெரிய வட்டம் ஒன்றைக் கீறிக்கொண்டு ஓடியது.

“மகன், நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!”

“கொம்பியூட்டர்ல சரியாத்தான் வாப்பா இருந்திச்சு.”

மெசின் விற்றவரைக் கேட்டால் மென்பொருளில் பிழை என்றார். மென்பொருளைப் பதிந்து கொடுத்தவரோ மெசினில் பிழை என்றார். இரண்டு கிழமை மெசின் சும்மா நின்றது. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை.

உண்மையில் இரண்டிலும் பிழை இல்லை. பிழை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அந்த நடுவில் நிற்பதற்குப் பெயர் போஸ்ட் புரொசெசர். பட்டறைகளில் சுருக்கமாகப் ‘போஸ்ட்’ என்பார்கள்.

உழவு மெசினையும் கலப்பையையும் நினைத்துப் பாருங்கள். மெசின் நல்லது, கலப்பையும் நல்லது. ஆனால் சிலவேளை ஒரு கொம்பனி மெசினின் கொழுவியில் இன்னொரு கொம்பனிக் கலப்பை ஏறாது. பட்டறைக்குப் போய் ஒரு கட்டையோ ஆணியோ செய்வித்தால்தான் இரண்டும் சேரும். போஸ்ட் என்பது அந்தக் கட்டை. வரைந்த கோலத்தின் வழியே அலகு எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று மென்பொருள் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கை மெசினின் கட்டுப்பாட்டுப் பெட்டி வாசிக்கும் கட்டளைகளாக எழுதிக் கொடுப்பது போஸ்ட்.

இது இன்று நேற்று வந்த சங்கதியல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் எண்களால் இயங்கும் வெட்டு மெசின் 1952இல் காட்டப்பட்டது. அதன்பின் அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் அங்கே ‘ஆப்ட்’ என்ற கணினி மொழியை உருவாக்கியபோதே, பொதுக் கணக்கு வேறு, மெசினுக்கு மெசின் மாறும் மொழிபெயர்ப்பு வேறு என்று பிரித்துவிட்டார்கள். ஜி என்ற எழுத்தோடு தொடங்கும் கட்டளைகளுக்குப் பின்னர் ஐ.எஸ்.ஓ. 6983 என்ற சர்வதேச நியமமும் வந்தது. வந்தும் என்ன? ஜப்பானின் பானுக், ஜெர்மனியின் சீமென்ஸ், ஹைடன்ஹைன் என்று ஒவ்வொருவரும் தத்தம் வழக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் பேசுவதும் யாழ்ப்பாணத்தார் பேசுவதும் தமிழ்தான். ஆனாலும் சில சொற்களுக்கு நின்று விளக்கம் கேட்க வேண்டியிருக்கிறதல்லவா? மனிதன் நின்று கேட்பான். மெசின் கேட்பதில்லை, வெட்டிவிடும்.

முதிரைக் கதவுக்கு நடந்ததும் இதுதான். வளைவு ஒன்றை வெட்ட அதன் மையப் புள்ளியைச் சொல்ல வேண்டும். வளைவு தொடங்கும் இடத்திலிருந்து மையம் எவ்வளவு தூரம் என்று சொல்வது ஒரு முறை. பலகையின் பூச்சியப் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்வது மற்ற முறை. போஸ்ட் முதல் முறையில் எழுதியது; மெசினை ஓட்டிய ‘மாக் 3’ என்ற மென்பொருள் இரண்டாம் முறையில் வாசித்தது. தொழினுட்பக் கல்லூரியிற் படித்த மச்சான் ஒருவர் வந்து, போஸ்ட் கோப்பை நோட்பேட்டில் திறந்து, தொடக்கத்தில் ‘ஜி91.1’ என்ற ஒரு கட்டளையைச் சேர்த்தார். முதல் முறையில் வாசி என்பது அதன் பொருள். அதற்குப்பின் வளைவுகள் வளைவுகளாகவே வந்தன.

ஒவ்வொரு கதவின் கட்டளைக் கோப்பையும் கையால் திருத்தி ஓட்டுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது அந்தக் கதவோடு முடிந்துவிடும். அடுத்த கதவில் அதே பிழை திரும்பி வரும். போஸ்டைத் திருத்தினால் இனி வரும் எல்லாக் கதவுக்கும் அது போதும்.

வேறு பிழைகளும் உண்டு. மென்பொருள் அங்குலத்தில் எழுத, மெசின் மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொண்டால் வேலை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அலகைத் தானாக மாற்றத் தெரியாத மெசினுக்கு ‘அலகை மாற்று’ என்ற கட்டளை போனால் சில மெசின்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சில அதைக் கவனியாமல் பழைய அலகோடு தொடரும், அது இன்னும் மோசம். கட்டாரிலோ சவூதியிலோ இரும்புப் பட்டறைக்குப் போகிற தம்பிமார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பானுக் மெசின்களில் ‘எக்ஸ் 100’ என்று புள்ளியில்லாமல் எழுதினால், அமைப்பைப் பொறுத்து, அது 100 மில்லிமீற்றர் அல்ல, 0.1 மில்லிமீற்றர். ஒரு புள்ளியை விட்டுவிடும் போஸ்ட் அலகை உடைக்கும். சிலவேளை கையையும் பதம் பார்க்கும்.

போஸ்டைத் திருத்துவிக்க யாரிடம் போனாலும் வெறுங்கையோடு போகவேண்டாம். மெசின் எந்தக் கொம்பனி என்பதைவிட, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி எது, அதன் பதிப்பு எது என்பதே முக்கியம். திரையில் தெரிவதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த மெசினிற் பிழையில்லாமல் ஓடிய கட்டளைக் கோப்பு ஒன்று இருந்தால், பத்துப் பக்க விளக்கத்தைவிட அது பெறுமதியானது. கைநூல், மேசையின் நீளம் அகலம், வேலை முடிந்ததும் அலகு எங்கே போய் நிற்கவேண்டும் என்பவையும் தேவை.

எல்லாப் போஸ்டையும் காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை. ‘பியூஷன்’ மென்பொருளின் போஸ்ட்டுகள் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டவை. பலவற்றைத் திறந்து பார்த்துத் திருத்தலாம். முற்றிலும் இலவசமான ‘பிரீகாட்’ மென்பொருளின் போஸ்ட்டுகள் பைதன் மொழியில் உள்ளன. பூவேலைக்குப் பெயர்போன ‘ஆர்ட்காம்’ விற்பனை 2018இல் நிறுத்தப்பட்டது. அதன் பழைய பிரதிகளை வைத்திருப்பவர்கள் ‘போஸ்ட்பி’ என்ற கோப்புறையிற் பார்க்கலாம். அங்குள்ளவை சாதாரண எழுத்துக் கோப்புகளே. முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுப் பிரதியிலேயே கைவையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். கணினி படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், மெசின் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கற்றுக்கொள்ளலாம்.

திருத்திய போஸ்டை நேரே முதிரையில் ஓட்டிப் பார்ப்பவரைக் கெட்டிக்காரர் என்று நாம் சொல்லமாட்டோம். அலகைப் பலகைக்கு மேலே உயர்த்தி வைத்து முதலிற் காற்றில் ஓடவிடுங்கள். அடுத்து ரெஜிபோம் துண்டில் ஒரு சதுரம், ஒரு வட்டம், ஒரு சிறு வளைவு. சதுரத்தின் பக்கத்தையும் வட்டத்தின் குறுக்களவையும் அளந்து பாருங்கள். கை அவசர நிறுத்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இனி மெசின் வாங்க இருப்பவர்களுக்கு. விற்பவர் தரும் கொட்டேசனில், நீங்கள் பாவிக்கப்போகும் மென்பொருளுக்கு ஏற்ற போஸ்டும் சேர்த்துத் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. வளைவுகள் உள்ள கோலம் ஒன்றை நீங்களே கொண்டுபோய், உங்கள் கண்முன் வெட்டிக்காட்டச் சொல்லுங்கள். முடியுமானால் கடைசிப் பணத்தை மெசின் உங்கள் பட்டறையில் அதே வேலையைச் செய்து காட்டிய பிறகு கொடுங்கள். மேலே சொன்ன குடும்பம் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது அந்த வீட்டில், சரிவந்த போஸ்ட் பென்டிரைவ் ஒன்றில் பதியப்பட்டு, பொலித்தீன் பையிற் சுற்றி, காணிப் பெர்மிட் இருக்கும் பெட்டியிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. மாரியில் பட்டறைக்குள் வெள்ளம் வந்து கணினி போனாலும் அது மிஞ்சும் என்கிறார் தகப்பன்.