எலக்ட்ரானை எண்ணும் கருவி

அரிந்து வைத்த வாழைக்காய் சற்று நேரத்தில் கறுத்துவிடுவதை நீங்கள் அறிவீர்கள். எலுமிச்சைச் சாறு தடவினால் அக்கறுப்புத் தாமதமாகும். சாற்றின் புளிப்பு ஒரு காரணம். அதிலுள்ள வைட்டமின் சி மற்றொரு காரணம். காயிலுள்ள சில பொருள்கள் ஆக்ஸிஜனிடம் எலக்ட்ரானை இழப்பதே கறுப்பின் தொடக்கம். வைட்டமின் சி தன் எலக்ட்ரான்களை ஈந்து அப்பொருள்களைப் பழைய நிலைக்கு மீட்கிறது. இவ்வாறு தான் இழந்து பிறவற்றைக் காக்கும் பொருளையே ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் என்கிறோம்.

ஒரு கோப்பைத் தேநீரில் இவ்வாற்றல் எவ்வளவு என்று அளப்பது எங்ஙனம்? கொடுக்கப்படுவது எலக்ட்ரான், எலக்ட்ரானின் ஓட்டமே மின்சாரம். ஆகவே மின்சாரத்தை அளந்தால் போதுமன்றோ? கரைசலில் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே மின்னோட்டத்தை அளக்கும் முறையைப் பிராக் நகரத்து ஹெய்ரோவ்ஸ்கி 1922-இல் கண்டார். 1959-இல் நோபெல் பரிசும் பெற்றார். அவர் கையாண்டது சொட்டும் பாதரசம். பாதரசம் தானே எளிதில் எலக்ட்ரானை இழக்குமாதலால், நம் வேலைக்குக் கரி முனையே பெரிதும் ஏற்றது.

கரைசலில் மூன்று முனைகள் அமிழ்ந்திருக்கும். கரி முனையில் வினை நிகழும்; வெள்ளி முனை அழுத்தத்தை ஒப்பிடும் அளவுகோலாக நிற்கும்; பிளாட்டினக் கம்பி மின்சுற்றை நிறைவு செய்யும். அழுத்தத்தை மெல்ல உயர்த்தினால், ஒரு நிலையில் மின்னோட்டம் குன்றுபோல் எழுந்து தாழும். குன்று குறைந்த அழுத்தத்திலேயே எழுமாயின், அப்பொருள் எளிதில் கொடுக்கும் கொடையாளி. குன்று பெரிதாயின், கொடுப்பது மிகுதி. தன்மையும் அளவும் ஒரே கோட்டில் தெரிவதுதான் இம்முறையில் நான் பெரிதும் வியப்பது.

1958-இல் வெளியான ஒரு முறையில் ஊதா நிறக் கரைசல் வெளுப்பதைக் கொண்டு இதே ஆற்றலை அளப்பர். திராட்சைச் சாறு போன்று தானே நிறமுடையவை அம்முறையைக் குழப்பக்கூடும். மின்முனைக்கோ நிறம் ஒரு பொருட்டன்று. ஆயினும் அதற்கும் ஒரு தொல்லை உண்டு. தேயிலை போன்றவற்றின் ஃபீனால்கள் எலக்ட்ரானை இழந்தபின் ஒன்றோடொன்று பிணைந்து, முனையின்மேல் மெல்லிய படலமாகப் படியும். அடுத்த அளவு குறைந்து காட்டும். அதனால் அலுமினாப் பொடியிட்டு முனையை மெருகேற்றுவர். பாத்திரம் துலக்காமல் மறு சமையல் செய்யலாகாது என்பது ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்துகிறது!

எண் பெரிதாயின் உடல்நலமும் பெரிதாகுமா என்று என்னைக் கேட்போர் உண்டு. ஆகாது என்றே சொல்வேன். கருவி அறிவது கோப்பையிலுள்ள நீர்மத்தை மட்டுமே. குடலில் எவ்வளவு உறிஞ்சப்படும், ஈரல் அதை எவ்வாறு மாற்றும் என்பதை அது அறியாது. இத்தகைய எண்கள் விளம்பரத்தில் தவறாகப் பயன்படுவது கண்டு, அமெரிக்க வேளாண்மைத் துறை தான் வெளியிட்டிருந்த ஓர் அட்டவணையை 2012-இல் விலக்கிக்கொண்டது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 1994-இல் வெளியாயிற்று. ஆக்ஸிஜனேற்றத் தடுப்பானாகிய பீட்டா கரோட்டீன் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடுதலாகவே காணப்பட்டது.

கருவியின் உண்மைப் பயன் வேறு. புதிதாகப் பிழிந்த சாற்றையும், நாட்பட்ட சாற்றையும் அடுத்தடுத்து அளந்தால், வைட்டமின் சி-யின் குன்று தாழ்ந்திருப்பது தெரியும். எண்ணெய் கெடாதிருக்கச் சேர்க்கும் பொருள் இன்னும் எஞ்சியுள்ளதா என்பதையும் இவ்வாறே அறியலாம்.