சிங்கராஜ, உடவளவை, சிவனொளிபாதமலை: எங்கு நடக்கலாம்?

சப்ரகமுவ மாகாணத்தின் இயற்கை வனங்கள் பற்றிய வினாவுக்கு விடையளிக்கும் மாணவர் பலர், சிங்கராஜவையும் உடவளவையையும் ஒருங்கே "தேசிய பூங்கா" என எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். இரண்டும் வேறு சட்டங்களின் கீழ், வேறு திணைக்களங்களால் நிர்வகிக்கப்படுவன.

சிங்கராஜ வனம் இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மாவட்டங்களிற் பரந்துள்ள அயன மண்டல மழைக்காடாகும். இது வனப் பாதுகாப்புத் திணைக்களத்திற்கு உரியது. 1971 முதல் 1977 வரை ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இங்கு இயந்திரங்களால் மரம் தறிக்கப்பட்டது. பலத்த எதிர்ப்பின் பின்னரே அது நிறுத்தப்பட்டது. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கமாகவும், 1988இல் உலக மரபுரிமையாகவும் யுனெஸ்கோ இதனை ஏற்றது. இங்குள்ள மரவினங்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானவை இலங்கைக்கு மட்டுமே உரியவை. (இவ்விலக்கத்தை நினைவில் வைத்திருங்கள்.)

கலவானை வழியாகக் குடாவ வாயிலை அடைந்து, அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் பெற்று நடந்தே உள்ளே செல்லலாம். இங்கு விலங்குகளைத் தேடி அலைவதிலும் பார்க்க, ஓரிடத்தில் அமைதியாக நிற்பதே நல்லது. தவிட்டுக்குருவி, கரிக்குருவி முதலிய பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடி வரும். ஓரினம் கிளறும்போது பறக்கும் பூச்சியை மற்றோரினம் பிடிக்கும். ஆபத்தை ஒன்று கண்டால் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை கிடைக்கும். கலப்பினக் கூட்டம் என்பதற்கு இதனிலும் சிறந்த உதாரணம் இல்லை.

உடவளவை இதற்கு நேர்மாறானது. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த புல்வெளியும் புதர்க்காடும் கொண்ட இது 1972இல் தேசிய பூங்காவாகியது. பரப்பு ஏறத்தாழ 308 சதுர கிலோமீற்றர். யானைகள் நிறைந்த இடமாதலால் வாகனத்திலேயே செல்ல வேண்டும். அருகில் 1995 முதல் இயங்கும் யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் நிலையம், குட்டிகளை வளர்த்து மீண்டும் காட்டில் விடுகிறது. கேகாலை மாவட்டத்துப் பின்னவல யானைகள் சரணாலயத்தில் (1975) யானைகள் மனித பராமரிப்பிலேயே வாழ்கின்றன. இவ்வேறுபாடு முக்கியமானது.

சிவனொளிபாதமலை (2,243 மீற்றர்) வனப்பகுதி 1940இல் சரணாலயமாகியது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையில் சேர்க்கப்பட்டது. களு கங்கைக்கு நீர் தருவது இவ்வனமே. இரத்தினபுரிப் பக்கத்தில் பலாபத்தல, குருவிட்ட–எரத்ன ஆகிய பாதைகள் உள்ளன. ஹட்டன் பாதையிலும் பார்க்க நீளமானவை. ஆனால் காட்டைப் பார்ப்பதற்கு ஏற்றவை இவையே. யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியுடன் முடியும்.

தேயிலை மலையின் மேல் எல்லை பல இடங்களில் இக்காட்டின் எல்லையாகும். விறகுக்கும் கொழுந்துக்கும் செல்லும் நம்மவர் இதை அறிவர். மரக்கறித் தோட்டத்தைக் காக்கப் பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு, சிறுத்தையையும் பிடிக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணித் தோட்டப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இவ்வாறு சுருக்கில் அகப்பட்டது. மீட்கப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. "வனஜீவராசிகளுக்கான அச்சுறுத்தல்கள்" என்ற வினாவுக்குக் காடழிப்பு என்று மட்டும் எழுதாது, இதனையும் ஆண்டுடன் சேர்த்து எழுதுக.